டிப்பர் லாரியின் நீரியல் திறன் மூலம்

டிப்பர் லாரியின் நீரியல் திறன் மூலம் என்பது, சரக்குந்து ஒன்றின் சுமைத்தொட்டியை உயர்த்திச் சரிப்பதற்குத் தேவையான எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கும் எக்கியையும், அந்த எக்கியைச் சுழற்றும் பொறியையும் சேர்த்துக் குறிக்கும். வண்டியின் சொந்த இயந்திரம், பேட்டரியால் ஓடும் மின்னோடி, தனிச் சிறு இயந்திரம், டிராக்டரின் நீரியல் அமைப்பு, கைவிசை ஆகிய ஐந்தும் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றுள் எதைத் தேர்வது என்பது வண்டியின் அளவை மட்டும் பொறுத்ததன்று. ஒரு தூக்குக்கு எவ்வளவு நேரம் ஆகலாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தூக்க வேண்டும் என்னும் இரண்டு கேள்விகளே தேர்வைப் பெரிதும் முடிவு செய்கின்றன. இக்கட்டுரை அத்தேர்வை, திருவண்ணாமலை நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் காணப்படும் பணிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

## பெயர்கள்

ஹைட்ராலிக் எனப் பரவலாக அறியப்படும் நீரியல் அமைப்பில் தமிழ்நாட்டு ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் சில சொற்களை வழங்குகின்றனர். தொட்டியைத் தூக்கும் நீரியல் உருளை "ஜாக்கி" எனப்படுகிறது. சுமை ஏற்றும் பெட்டி "தொட்டி" அல்லது "பாடி" எனப்படும். கியர் பெட்டியிலிருந்து சுழல்திறனைப் பிரித்து எக்கிக்குத் தரும் உறுப்பு "பி.டி.ஓ." என்றே அழைக்கப்படுகிறது, இதனைத் திறன் எடுப்பான் எனலாம். மின்னோடி, எக்கி, எண்ணெய்த் தொட்டி, வால்வுகள் ஆகியவை ஒன்றாகப் பொருத்தப்பட்ட சிறு கூறு "பவர் பேக்" எனப்படுகிறது.

## வரலாறு

மூடிய பாய்மத்தில் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பிலைசு பாசுகல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கினார். இவ்விதியைப் பயன்படுத்தி இங்கிலாந்தைச் சேர்ந்த சோசப் பிராமா 1795-ஆம் ஆண்டு நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். சரக்குந்துத் தொட்டியை நீரியல் முறையில் தூக்கும் அமைப்பை 1910-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான கார் வுட் உருவாக்கினார். நிலக்கரி இறக்குவதில் ஆட்கள் படும் பாட்டைக் குறைப்பதே அவரது நோக்கமாக இருந்தது. இவர் பின்னாளில் விசைப்படகுப் பந்தய வீரராகவும் புகழ்பெற்றார்.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு டாட்டா மோட்டார்சு நிறுவனத்தின் டாட்டா ஏசும், 2011-ஆம் ஆண்டு அசோக் லேலண்டின் தோஸ்த்தும் அறிமுகமாயின. இத்தகைய சிறு சரக்குந்துகளின் மீது குப்பை அள்ளும் சிறு டிப்பர் தொட்டிகள் பொருத்தப்படலாயின. அதுவரை பெரிய லாரிகளுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட திறன் மூலத் தேர்வு, இதனால் நகராட்சிகளுக்கும் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கும் உரிய கேள்வியாயிற்று.

## செயல்படும் முறை

எக்கி எண்ணெயை உறிஞ்சி அழுத்தத்துடன் உருளைக்குள் செலுத்துகிறது. உருளையின் தண்டு நீண்டு தொட்டியை உயர்த்துகிறது. பெரும்பாலான டிப்பர்களில் உருளை ஒருவழிச் செயல் கொண்டது. அதாவது எண்ணெய் அழுத்தம் தூக்குவதற்கு மட்டுமே தேவை. இறங்கும்போது வால்வைத் திறந்தால் தொட்டி தன் எடையாலேயே எண்ணெயைத் திருப்பித் தள்ளிக்கொண்டு கீழிறங்கும். ஆகவே திறன் மூலம் தூக்கும் நேரத்தில் மட்டுமே உழைக்கிறது.

பெரிய லாரிகளில் ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் பல அடுக்கு உருளை, ஓட்டுநர் அறைக்கும் தொட்டிக்கும் இடையில் நிறுத்தப்படுகிறது. சிறு வண்டிகளில் தொட்டிக்கு அடியில் குறுகிய உருளை படுக்கை வாக்கில் பொருத்தப்படுகிறது.

எக்கியைப் பற்றி மனத்தில் கொள்ள வேண்டிய விதி எளியது. எக்கி தருவது எண்ணெய் ஓட்டம். அழுத்தத்தின் அளவைச் சுமை முடிவு செய்கிறது. ஓட்டம் கூடினால் தொட்டி விரைவாக எழும். சுமை கூடினால் அழுத்தம் உயரும். ஓட்டத்தையும் அழுத்தத்தையும் பெருக்கினால் கிடைப்பதே தேவைப்படும் திறன்.

## திறன் மூல வகைகள்

### பி.டி.ஓ. எக்கி

வண்டியின் கியர் பெட்டியில் பக்கவாட்டில் பொருத்தப்படும் பி.டி.ஓ., இயந்திரத்தின் திறனை எக்கிக்கு நேரடியாகத் தருகிறது. பல கிலோவாட் திறனைத் தடையின்றித் தரவல்லது. ஓட்டுநர் கிளட்சை மிதித்து, காற்றழுத்தத்தாலோ கம்பியாலோ இதனை இணைக்கிறார். சில லாரிகளில் இயந்திரத்தின் பறப்புச் சக்கரப் பக்கத்திலிருந்தே திறன் எடுக்கப்படுவதால் கிளட்சைச் சாராமல் எக்கி இயங்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும், எல்லாச் சிறு வண்டிகளின் கியர் பெட்டியிலும் இதற்கான வாய் இருப்பதில்லை என்பதும் இதன் வரம்புகள்.

### பட்டை எக்கி

இயந்திரத்தின் முன்புறக் கப்பியிலிருந்து பட்டை மூலம் எக்கியைச் சுழற்றும் முறை இது. பி.டி.ஓ. பொருத்த இயலாத சிறு வண்டிகளுக்கு ஏற்றது. எக்கியைத் தேவையில்லாதபோது துண்டிக்க மின்காந்தக் கிளட்சு தேவை. பட்டை தளர்ந்தால் நழுவும். அடிக்கடி இறுக்கம் பார்க்க வேண்டும்.

### மின்னோடிப் பவர் பேக்

12 அல்லது 24 வோல்ட்டு நேர்மின்னோட்ட மின்னோடி எக்கியைச் சுழற்றுகிறது. பொருத்துவது எளிது, இயந்திரத்தை அணைத்துவிட்டும் தூக்கலாம். ஆனால் இம்மின்னோடிகள் இடைவிட்ட பணிக்கே வடிவமைக்கப்பட்டவை. 10 விழுக்காட்டுப் பணிச்சுழற்சி என்று குறிக்கப்பட்ட மின்னோடி 20 நொடி ஓடினால், அந்த 20 நொடியையும் சேர்த்து 200 நொடிக்கு ஒருமுறைதான் ஓட வேண்டும். மீறினால் சுருள் சூடேறிக் காப்பு எரியும்.

### தனி இயந்திரம்

சிறிய பெட்ரோல் அல்லது டீசல் இயந்திரத்துடன் எக்கியை இணைத்து வண்டியில் ஏற்றும் முறை. வண்டியின் இயந்திரத்தையும் மின் அமைப்பையும் தொடாமல் நிறுவலாம். எடை, ஓசை, தனிப் பராமரிப்பு ஆகியவை குறைகள்.

### டிராக்டர் நீரியல்

டிராக்டரில் ஏற்கெனவே உள்ள எக்கியின் எண்ணெயைக் குழாய் மூலம் டிரெய்லரின் உருளைக்கு அனுப்பும் முறை. தனித் திறன் மூலம் வாங்க வேண்டியதில்லை. டிராக்டர்கள் பலவற்றில் கியர்களுக்கு உயவிடும் அதே எண்ணெயே நீரியலுக்கும் பயன்படுகிறது. எனவே டிரெய்லர் குழாயின் இணைப்பு முனையில் ஒட்டிய மண் உள்ளே போனால் டிராக்டரின் பாகங்களே தேயும். உருளை நிறையும்போது டிராக்டரின் எண்ணெய் மட்டம் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

### கை எக்கி

மிகச் சிறு தொட்டிகளுக்கும், பிற மூலங்கள் பழுதானால் அவசர உதவிக்கும் பயன்படுவது.

## ஆற்றலும் திறனும்

பேட்டரி "போதுமா" என்று கேட்கும்போது பலர் ஆற்றலையும் திறனையும் ஒன்றாகக் கருதிவிடுகின்றனர். கீழுள்ள இரண்டு கணக்குகள் வேறுபாட்டைக் காட்டும். எண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை.

சிறு குப்பை டிப்பர். சுமை 700 கிலோகிராம், தொட்டி 300 கிலோகிராம், மொத்தம் 1,000 கிலோகிராம். ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 1 மீட்டர் தொலைவில் உள்ளது எனில், 45 பாகை சாய்க்கும்போது அது ஏறத்தாழ 0.7 மீட்டர் உயரும். செய்யப்படும் வேலை 1,000 × 9.81 × 0.7, அதாவது சுமார் 6,900 சூல். மின்னோடியிலும் எக்கியிலும் குழாய்களிலும் ஏற்படும் இழப்புப் போக 40 விழுக்காடே பயன்படுகிறது என்று கொண்டால், பேட்டரியிலிருந்து எடுக்கப்படுவது சுமார் 17,000 சூல். 12 வோல்ட்டில் இது 0.4 ஆம்பியர்-மணி மட்டுமே. 20 நொடியில் தூக்கினால் மின்னோட்டம் சராசரியாக 70 ஆம்பியர் அளவில் இருக்கும். இயந்திரம் ஓடும்போது ஆல்டர்னேட்டரிடம் 30 ஆம்பியர் மிகுதியாக இருந்தால், செலவான மின்னூட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் திரும்பிவிடும்.

பத்துச் சக்கர ஜல்லி டிப்பர். சுமை 16 டன், தொட்டி 3 டன், மொத்தம் 19 டன். தொட்டியின் நீளம் 5 மீட்டர்; ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 2.3 மீட்டர். 45 பாகைக்கு உயர்த்தச் செய்யும் வேலை சுமார் 3 இலட்சம் சூல். 30 நொடியில் முடிக்க எண்ணெய்க்குச் சராசரியாக 10 கிலோவாட் திறன் வேண்டும். 60 விழுக்காட்டுப் பயனுறுதிறனுடன் இதனை 24 வோல்ட்டு மின்னோடியால் செய்ய 700 ஆம்பியர் தேவை. நடைமுறையில் இது இயலாது. மாறாக, 3 கிலோவாட் வாங்கும் மின்னோடியைப் பொருத்தினால் அதே தொட்டி எழுவதற்கு ஏறத்தாழ 3 நிமிடம் ஆகும். ஆற்றல் அளவில் பார்த்தால் அப்போதும் செலவாவது 6 ஆம்பியர்-மணிக்குக் குறைவே.

ஆகவே, பெரிய லாரியிலும் பேட்டரியின் கொள்ளளவு தடையன்று. தடையாக இருப்பது குறைந்த நேரத்தில் தர வேண்டிய திறனும், அதனால் மின்னோடியில் உண்டாகும் வெப்பமுமே ஆகும்.

### ஒட்டும் சுமை

மேற்கண்ட பெரிய லாரியில் முன்புற உருளை 5 மீட்டர் தொலைவில் இருந்தால், தூக்கத் தொடங்கும்போது தேவையான விசை சுமார் 86 கிலோநியூட்டன். முதலில் நீளும் அடுக்கின் விட்டம் 130 மில்லிமீட்டர் எனில் அழுத்தம் 65 பார் அளவே இருக்கும். ஜல்லி 40 பாகைக்குள் பெரும்பாலும் சரிந்துவிடும். அதனால் பின்னர் வரும் சிறிய அடுக்குகளுக்குச் சுமை குறைவு. ஈர மண்ணோ களிமண்ணோ சரியாமல் ஒட்டிக்கொண்டால், 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடைசி அடுக்கு முழுச் சுமையையும் தாங்க நேர்ந்து அழுத்தம் 160 பார் அளவுக்கு உயரும். வறண்ட ஜல்லியைக் கொண்டு மட்டும் சோதித்துத் திறன் மூலத்தைத் தேர்ந்தவர்கள் மழைக்காலத்தில் சிக்கலைச் சந்திப்பதன் காரணம் இதுவே.

## திருவண்ணாமலைச் சூழல்

திருவண்ணாமலை 1886-ஆம் ஆண்டு நகராட்சியாகி, 2024-ஆம் ஆண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 1,45,278. அருணாசலேசுவரர் கோயிலையும் மலையையும் சுற்றி அமைந்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒவ்வொரு முழுநிலவு நாளிலும் பெருந்திரளான மக்கள் வலம் வருகின்றனர். கார்த்திகைத் தீபத் திருநாளில் இக்கூட்டம் பல இலட்சமாகப் பெருகுகிறது. தண்ணீர்ப் புட்டிகள், தொன்னைகள், பாக்குமட்டைத் தட்டுகள், அன்னதானத்தில் மிஞ்சிய ஈர உணவு ஆகியவை ஒரே இரவில் பாதையெங்கும் சேர்கின்றன.

குப்பை வண்டி மூடப்பட்டதாக இருக்க வேண்டும் என்றும், குப்பையைப் பலமுறை கையாள நேராதபடி வண்டி அமைய வேண்டும் என்றும் 2000-ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள் கூறின. 2016-ஆம் ஆண்டு புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. குப்பையை மண்வெட்டியால் வாரி இறக்கும் வேலையைத் தூய்மைப் பணியாளர்களிடமிருந்து நீக்குவது தானே சரியும் தொட்டியே. அதனால் நீரியல் அமைப்பு பழுதாகி நின்றால், அந்த வேலை மீண்டும் பணியாளர்களின் கைகளுக்கே வந்துசேரும்.

இங்குத் திறன் மூலத் தேர்வில் ஒரு முரண் உள்ளது. சாதாரண நாளில் சிறு டிப்பர் ஒன்று சில முறையே தொட்டியைச் சாய்க்கும். அதற்கு மின்னோடிப் பவர் பேக் போதும். வெறுங்காலுடன் நடப்போர் நெருங்கிச் செல்லும் பாதையில் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் புகையும் ஓசையும் இன்றித் தூக்க முடிவதும் இதன் நன்மை. ஆனால் தெருவோரக் குப்பைத் தொட்டிகளைத் தூக்கிக் கவிழ்க்கும் கையும் அதே பவர் பேக்கில் இயங்கினால் கணக்கு மாறும். ஒரு தூக்குக்கு 15 நொடி என்று கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தொட்டி எனில் மின்னோடி உழைப்பது 2.5 விழுக்காடு நேரம். முழுநிலவு இரவில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று எனில் அது 12.5 விழுக்காடு ஆகிறது. 10 விழுக்காட்டுக்கு வடிவமைத்த மின்னோடி, மிகவும் தேவைப்படும் அந்த இரவிலேயே சூடேறி நிற்கும். எனவே இத்தகைய ஊரில் சராசரி நாளைக் கொண்டு தேர்வு செய்தல் தவறாகும். பணிச்சுழற்சி மிகுந்த மின்னோடியை வாங்குதல், பட்டை எக்கியையோ பி.டி.ஓ.-வையோ நாடுதல், திருநாள் இரவுகளில் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டித் தூக்குகளைப் பகிர்தல் ஆகியவை இதற்குரிய வழிகள்.

மாவட்டத்தில் கருங்கல் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றும் பெரிய லாரிகளுக்குப் பி.டி.ஓ. எக்கியே பொருந்தும். வேளாண் ஊர்களில் எருவும் செம்மண்ணும் செங்கல்லும் ஏற்றும் டிரெய்லர்களுக்கு டிராக்டரின் நீரியலே சிக்கனமானது.

## ஒப்பீடு

| திறன் மூலம் | இயந்திரம் ஓட வேண்டுமா | தொடர் பணி | ஏற்ற பயன்பாடு |
|---|---|---|---|
| பி.டி.ஓ. எக்கி | ஆம் | இயலும் | ஜல்லி, மணல், பெரிய குப்பை லாரி |
| பட்டை எக்கி | ஆம் | ஓரளவு | அடிக்கடி தூக்கும் சிறு வண்டி |
| மின்னோடிப் பவர் பேக் | இல்லை | இயலாது | நாளுக்குச் சில தூக்குகள் |
| தனி இயந்திரம் | வண்டியினது தேவையில்லை | இயலும் | பி.டி.ஓ. வாய் இல்லாத பழைய வண்டி |
| டிராக்டர் நீரியல் | ஆம் | இயலும் | பண்ணை டிரெய்லர் |
| கை எக்கி | இல்லை | இயலாது | அவசர உதவி |

## தேர்ந்தெடுக்கும் முறை

1. எடை: தொட்டியையும் சேர்த்து, ஏற்றப்படும் மிக ஈரமான சுமையைக் கணக்கிடுக. 2018-ஆம் ஆண்டு நடுவண் அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டை அச்சுக்கு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் அது கூடியது. பழைய வரம்புக்கு அமைத்த உருளையும் எக்கியும் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.
2. எண்ணெய் அளவு: உருளை முழுதும் நீளத் தேவையான எண்ணெயைக் காண்க. மேற்கண்ட ஜல்லி லாரிக்கு ஐந்து அடுக்கு உருளை எனில் இது 32 லிட்டர் அளவில் இருக்கும்.
3. நேரம்: 32 லிட்டரை 30 நொடியில் செலுத்த நிமிடத்துக்கு 64 லிட்டர் ஓட்டம் தேவை. எக்கி ஒரு சுற்றுக்கு 80 கனசென்டிமீட்டர் தருமாயின் நிமிடத்துக்கு 800 சுற்று வேண்டும்.
4. அடுக்கம்: மிகுந்த பணியுள்ள ஒரு மணி நேரத்தில் எத்தனை தூக்குகள் என்பதை எண்ணி, மின்னோடியின் பணிச்சுழற்சியோடு ஒப்பிடுக.
5. மின்கம்பி: பவர் பேக் எனில், பேட்டரிக்கும் மின்னோடிக்கும் இடையிலான கம்பி தடித்ததாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் வீழ்ந்து, மின்னோடி மெதுவாகச் சுழன்று மேலும் சூடாகும். பேட்டரிக்கு அருகிலேயே உருகி பொருத்துவது இன்றியமையாதது.
6. எண்ணெய்: தமிழ்நாட்டுச் சமவெளி வெப்பத்தில் 46 அல்லது 68 பாகுநிலைத் தர எண்ணெய் பொதுவாகப் பொருந்தும், எக்கி செய்தவரின் குறிப்பே இறுதியானது.
7. பதிவு: சாதாரண லாரியை டிப்பராக மாற்றுவது, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கூறும் வாகன மாற்றங்களுள் அடங்கும். பணியைத் தொடங்கும் முன்னரே பதிவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

## பாதுகாப்பு

எந்தத் திறன் மூலத்தைத் தேர்ந்தாலும் தூக்கிய தொட்டியைத் தாங்கி நிற்பது ஒரு தூண் எண்ணெய் மட்டுமே. குழாய் வெடித்தாலோ வால்வு கசிந்தாலோ தொட்டி நொடியில் விழும். ஆகவே தூக்கிய தொட்டிக்கு அடியில் பழுது பார்க்கும்போது இரும்பு முட்டுக் கொடுத்தல் கட்டாயம். கற்களையோ மரக்கட்டையையோ நம்பக் கூடாது. உருளையின் வாயிலேயே குழாய் வெடிப்புத் தடுப்பு வால்வு பொருத்தினால், குழாய் அறுந்தாலும் தொட்டி விழாது.

பி.டி.ஓ.-வைத் துண்டிக்க மறந்து வண்டியை ஓட்டினால் எக்கி அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று கெடும். வால்வும் திறந்த நிலையில் இருந்தால் ஓட்டத்திலேயே தொட்டி எழக்கூடும். பவர் பேக்கில் பொத்தான் ஒட்டிக்கொண்டாலும் இதே நிலை உண்டாகும். எனவே இரு வகையிலும், தொட்டி முழுமையாக இறங்கவில்லை என்பதை ஓட்டுநருக்குக் காட்டும் விளக்கும் ஒலியும் தேவை.

மேலே செல்லும் மின்கம்பிகள் பெரும் இடர். இந்திய மின்விதிகள் 1956, தெருவின் குறுக்கே செல்லும் தாழ் மற்றும் நடுத்தர அழுத்தக் கம்பிக்குத் தரையிலிருந்து 5.8 மீட்டரும் உயரழுத்தக் கம்பிக்கு 6.1 மீட்டரும் குறைந்த அளவு உயரமாக வகுத்தன. கீல் 1.2 மீட்டர் உயரத்திலும் பக்கச்சுவர் 1.3 மீட்டராகவும் உள்ள 5 மீட்டர் தொட்டியை 45 பாகை உயர்த்தினால் அதன் மேல்முனை 5.6 மீட்டரை எட்டும். 50 பாகையில் 5.8 மீட்டரைத் தாண்டிவிடும். தொட்டி கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை. உயரழுத்தக் கம்பியை நெருங்கினாலே மின்பொறி தாவக்கூடும். கம்பி பட்டுவிட்டால், தீப்பற்றாத வரை ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே இருந்து, மின்சாரம் துண்டிக்கப்படும்வரை பிறரை அருகில் வரவிடாமல் தடுக்க வேண்டும்.

தரை பக்கவாட்டில் சரிந்திருந்தால், உயர்ந்த தொட்டி வண்டியையே கவிழ்த்துவிடும். ஒட்டிய மண்ணை உதிர்க்க வண்டியை முன்னும் பின்னும் உலுக்கும் வழக்கம் இவ்வாறான கவிழ்வுக்கு வழிவகுப்பதாகும். தொட்டியை இறக்கி, ஒட்டியதை நீண்ட கோலால் தளர்த்திய பின்னர் மீண்டும் தூக்குவதே முறை.

## இவற்றையும் பார்க்கவும்

* பாசுகலின் விதி
* நீரியல் அழுத்தி
* எக்கி
* சரக்குந்து
* திடக்கழிவு மேலாண்மை
* திருவண்ணாமலை

பகுப்புகள்: நீரியல் | வாகனத் தொழில்நுட்பம் | திருவண்ணாமலை மாவட்டம்